சக்கரத்தைக் கழற்றச் சொன்ன அண்ணிக்கு இரண்டாம் லைன் படைக்கும் மடல்

ஓடும் தகட்டை ஒழுங்கில் நிறுத்திய உறுதியே! கோணலைக் கண்டால் கொதித்தெழும் கொள்கைக் குன்றே! பழுதுக்குப் பகையே, பணியாளர்க்குப் பக்கபலமே! நடந்து போகும்போதே நட்டு ஒன்று தளர்ந்திருப்பதைக் காதால் கண்டுபிடிக்கும் நுண்ணறிவே! பராமரிப்புப் பிரிவின் பெருந்தலைவியே! முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வாலையின் மூச்சாக விளங்கி, இன்று விடைபெறும் எங்கள் அண்ணியே! வணக்கம்!

இந்த அடைமொழிகளுக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கொள்கைக் குன்று வேண்டாம், அதைப் போன முறை ஸ்டோர்ஸ்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று ஒருவர் முட்டுக்கட்டை போட்டார். அவருக்குக் கொடுத்தது தவறு, அதைத் திரும்ப வாங்கி உரியவருக்குக் கொடுப்பதே முறை என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தார்கள். ஸ்டோர்ஸ்காரர் வீட்டுச் சுவரில் அது இன்னமும் தொங்குகிறது என்பது வேறு விஷயம்.

பாராட்டு மடலை முன்னிலையில் எழுதுவதே மரபு. தாங்கள் இன்னது செய்தீர்கள், இன்னது சாதித்தீர்கள் என்று ஒவ்வொரு வரியும் தங்கள் முகம் பார்த்துப் பேச வேண்டும். ஆனால் தங்கள் முகம் பார்த்துப் பேசிய அனுபவம் எங்களுக்கு நிறையவே உண்டு. மூன்றாவது வாக்கியத்தில் இடைமறிப்பீர்கள், ஐந்தாவதில் திருத்துவீர்கள், ஏழாவதில் பேனாவைப் பிடுங்கி நீங்களே எழுதத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே இனி வருவதைப் படர்க்கையில், அண்ணி என்று வேறு யாரோ ஒருவர் இருந்ததுபோல் சொல்லப் போகிறோம். யாரோ ஒருவரைப் பற்றிப் பிறர் பேசும்போது குறுக்கே புகுவது பண்பல்ல என்று எங்களுக்குக் கற்பித்தவரே தாங்கள்தான். அமர்ந்து கேளுங்கள்.

அண்ணி இந்த ஆலைக்குள் இளம் பொறியாளராகக் காலடி வைத்தபோது அவர் யாருக்கும் அண்ணி இல்லை. எல்லோரும் மேடம் என்றே அழைத்தார்கள். ஆலைக்கு வேண்டிய ரப்பர் பாகங்களை வார்க்கும் ரப்பர்ப் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பெண், இவருடைய சுறுசுறுப்பைப் பார்த்து மயங்கி, தன் அண்ணனுக்கு இவரைப் பேசி முடித்தார். கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கேன்டீனின் அந்தக் கோடியிலிருந்து, 'அண்ணீ!' என்று அவர் கொடுத்த குரலில் டம்ளர்கள் அதிர்ந்தன. அந்த வாரமே வாயிற்காவலர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் இவர் அண்ணியாகிவிட்டார். குரல் கொடுத்தவர் பின்னாளில் ரப்பர்ப் பிரிவின் தலைவியாக உயர்ந்தார். அவரை இங்கே நாத்தனார் என்றே குறிப்பிடுகிறோம், ஆலையிலும் அவருக்கு வேறு பெயர் கிடையாது. இருவருக்கும் நடுவே அகப்பட்டு வீட்டில் முழி பிதுங்கிய பெருமகனார் இதோ முன்வரிசையில் புன்னகையோடு வீற்றிருக்கிறார். அவருடைய பொறுமைக்கும் எங்கள் வணக்கம் உரியது.

வெளியிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காக இரண்டாம் லைனைப் பற்றி இரண்டு சொல். எஃகுத் தகட்டுச் சுருளை ஒரு முனையில் பிரித்து, கழுவி, உலர்த்தி, வண்ணம் பூசி, நீண்ட சூளைக்குள் செலுத்தி, மறுமுனையில் மீண்டும் சுருட்டுவது எங்கள் தொழில். ஒரு சுருள் முடியும் முன்பே அதன் வாலோடு அடுத்த சுருளின் தலையைப் பற்றவைத்துவிடுவோம், ஓட்டம் நிற்காது. பார்க்கிறவர்களுக்கு ஆறு ஓடுவதுபோல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தகடு அப்படி யோக்கியமாக நேரே போகிற பிறவி அல்ல. அதன் ஒரு ஓரம் மறு ஓரத்தைவிட மயிரிழை நீண்டிருந்தாலும் போதும், ரோலரின் மேல் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கி, சூளை வாயின் இரும்புத் தூணில் உரசும். உரசினால் கிழியும், கிழிந்தால் அறுந்துபோகும். அறுந்த தகட்டின் ஓரம் கத்திக்குச் சமம், அதைச் சூளைக்குள்ளிருந்து வெளியே எடுப்பதற்குள் எங்கள் தாவு தீர்ந்துவிடும்.

அதைத் தடுக்கத்தான் சூளை வாய்க்கு முன்னால் ஒரு பெரிய கைச்சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் ஒரு ரோலர் சற்றே சாயும், சாய்ந்த பக்கத்துக்கு ஏற்பத் தகடு திரும்பும். ஷிஃப்டுக்கு ஒருவர் அதன் முன் நின்றபடியே தகட்டின் ஓரத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையில் மன்னர் எங்கள் வீல் அண்ணன். தகடு ஒதுங்கப்போவதை அது ஒதுங்கும் முன்பே முகர்ந்துவிடுவார் என்று சொல்வார்கள். தும்மல் வந்தால்கூடக் கண்ணை மூடாமல் தும்முவார் என்றும் சொல்வார்கள், அதை நாங்கள் நம்பவில்லை.

அண்ணி ஓய்வுபெற ஓராண்டே இருந்த வேளையில் சோதனை வந்தது. வாடிக்கையாளர்கள் மெல்லிய தகடு கேட்கத் தொடங்கினார்கள். தடித்த தகடு சொன்னபடி கேட்கும், மெல்லிய தகட்டுக்கு எதற்கெடுத்தாலும் கோபம். வீல் அண்ணனின் கைக்கே அது அடங்கவில்லை. வாரம் தவறாமல் அறுந்தது. மின்கண் வைத்துத் தானே திருப்பும் இயந்திரம் ஒன்றைத் தருவித்துப் பார்த்தோம். கழுவும் தொட்டியின் ஆவி படிந்து அதன் கண் மங்கி, இருக்கிற தகட்டை இல்லை என்றும் இல்லாத தகட்டை இருக்கிறது என்றும் சாதித்தது. மேலாளர் ஒருநாள் அண்ணியைத் தனியே அழைத்து, "அண்ணி, உங்ககிட்ட மறைக்க விரும்பல. மெல்லிசு தகடு ஓட்ட முடியலைன்னா ரெண்டாம் லைனைப் பிரிச்சுடலாம்னு மேலிடத்துல பேசிக்கிறாங்க. ஆளுங்களுக்கு வேற எடம் இருக்குமான்னு என்னால சொல்ல முடியல," என்றார்.

ஓராண்டில் ஓய்வு. வேறு யாராக இருந்தாலும் மேசையை ஒழுங்குபண்ணிக்கொண்டு, வந்தவரைக்கும் லாபம் என்று இருந்திருப்பார்கள். அண்ணிக்கோ அன்று சோறு இறங்கவில்லை. தான் சேர்ந்த நாளில் பொருத்தப்பட்ட லைன், தான் போகும் நாளில் பிரிக்கப்படுவதா என்ற ஆற்றாமை அவரைப் பிடுங்கித் தின்றது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முன்வரிசைப் பெருமகனார் எங்களிடம் சொன்னார்.

வழி சொன்னவர் நாத்தனார். சூளை வாய்க்கு முன் வழுவழுப்பான எஃகு ரோலருக்குப் பதில், வளைந்துகொடுக்கும் ரப்பர் ரோலரை ஏற்றலாம் என்றார். அண்ணி சிரித்துவிட்டார்.

"எருமையை எறும்பு இழுத்த கதையா இருக்கு. இரும்பைப் போய் ரப்பர் திருத்துமா?"

"ஏன் திருத்தாது? நீங்க எங்க அண்ணனைத் திருத்தலையா?"

அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டு, காட்டு பார்க்கலாம் என்றார். நாத்தனார் அந்த ரோலரின் சிறிய மாதிரி ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து இருவரும் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். ரோலரின் நடுவிலிருந்து இரு பக்கமும் ரப்பரில் சாய்வாக வெட்டுகள், வெட்டுகளுக்கு இடையில் மெல்லிய மடிப்புகள். மீனின் செவுள் எப்படி அடுக்கடுக்காக இருக்குமோ அப்படி. அதனால் அதற்குச் செவுள் ரோலர் என்றே பெயர் வந்தது. தகடு மேலே அழுத்தும்போது இரு பக்கத்து மடிப்புகளும் நடுவை நோக்கிச் சாயும், சாயும்போது தகட்டையும் நடுவுக்கு நகர்த்தும். தகடு நடுவில் இருந்தால் இரு பக்கத்து விசையும் சமம். வலப்பக்கம் ஒதுங்கினால், அதன் அடியில் வலப்பக்கத்து மடிப்புகள் கூடுதலாக அகப்படும், அவை எல்லாம் சேர்ந்து அதை இடப்பக்கம் தள்ளும். மோட்டார் வேண்டாம், கம்பி வேண்டாம், மங்கிப்போகும் கண் வேண்டாம். அண்ணி ஒரு நீளக் காகிதத்தை அதன் மேல் இழுத்துப் பார்த்தார். கோணலாக வைத்து இழுத்தாலும் அது நல்ல பிள்ளையாக நடுவுக்கு வந்தது.

அண்ணிக்கு ஒன்று பிடித்துவிட்டால் அப்புறம் பிடித்ததுதான். நேரே மேலாளரிடம் போனார். "மேலிடத்துல இருந்து ஆளுங்களை வரச் சொல்லுங்க. அவங்க கண்ணு முன்னாடி மெல்லிசு தகடு ஓட்டிக் காட்டுறோம். அறுந்துச்சுன்னா லைனோட சேத்து என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்ன வாய் அண்ணியின் வாய். நடுங்கிய கால் எங்களுடையது.

ரோலர் ஏறியது. வெள்ளோட்டம் விட்டோம். ஓடத் தொடங்கிய தகடு, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனைப்போல் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் என்று தள்ளாடித் தள்ளாடி, தூணில் மோதி அறுந்தது. ரோலரை இறக்கி, துடைத்து, மறுபடி ஏற்றி இரண்டாம் முறை விட்டோம். இன்னும் அழகாகத் தள்ளாடி இன்னும் சீக்கிரம் அறுந்தது. வெறும் எஃகு ரோலரில் வாரம் ஒருமுறை அறுந்த தகடு, ரப்பரில் அரைச் சுருளுக்கே தாங்கவில்லை. மேலிடத்து ஆட்கள் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை, கழித்துப்போட்ட பழைய சுருள் ஒன்றை ஏற்றி மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, அண்ணி நாத்தனாரைக் கூப்பிட்டனுப்பினார். நாத்தனார் கையுறையைக் கழற்றாமலே வந்தார். நடந்ததைக் கேட்ட பிறகு யாராலும் அதை மறக்க முடியாது, ஆகவே உள்ளது உள்ளபடியே பதிவு செய்கிறோம்.

"உன் ரப்பர் கொழகொழன்னு இருக்கு. சூடு சரியா குடுத்தியா இல்லையா?"

"என் ரப்பரைக் குத்தம் சொல்லாதீங்க அண்ணி. நீங்க மாட்டுன லட்சணம் அப்படி."

"மாட்டுறதுக்கு நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? இந்த ஆலையில ஓடுற ரோலர் அத்தனையும் நான் மாட்டுனது."

"ஓடுது. எது நேரா ஓடுது?"

அவ்வளவுதான். ரப்பரில் தொடங்கிய பேச்சு வீட்டுக்குத் தாவியது. வீட்டில் ஜன்னல் திரை தைத்தபோது அளவு தப்பியது யாரால் என்ற கேள்வி எழுந்தது. இரவல் வாங்கிய மிக்ஸி உடைந்து திரும்பி வந்ததா, அல்லது உடைந்தே இரவல் போனதா என்ற பழைய வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது. லைனில் இருந்த அத்தனை பேரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு இருவரையும் சூழ்ந்துகொண்டோம். வீல் அண்ணனும் சக்கரத்தை விட்டுவிட்டு வந்து நின்றார். அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஓடும் தகட்டுக்கு முதுகு காட்டியது அதுவே முதல் முறை. நாத்தனார் சண்டையின் மகிமை அப்படி.

மிக்ஸி வழக்கு முற்றிக்கொண்டிருந்தபோது வீல் அண்ணன் எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே உறைந்து போனார்.

"அண்ணி," என்றார், குரல் எழும்பாமல். "தயவு செஞ்சு சண்டைய நிறுத்தாதீங்க."

"என்னது?"

"திரும்பாதீங்க. யாரும் நகராதீங்க. அப்படியே பேசிக்கிட்டே இருங்க. தகடு நேரா ஓடுது."

எல்லோருடைய கழுத்து மட்டும் திரும்பியது. தகடு கோடு போட்டதுபோல் சூளைக்குள் போய்க்கொண்டிருந்தது. சற்றே ஒதுங்கும், யோசிக்கும், தானாகவே நடுவுக்கு வந்துவிடும். சக்கரத்தின் முன் ஒருவரும் இல்லை. அண்ணிக்கு நொடியில் விளங்கிவிட்டது. ரப்பரும் சரி, மாட்டியதும் சரி, கோளாறு எங்கள் கையில் இருந்தது. செவுள் ரோலர் தகட்டைத் திருப்ப நாலு மூச்சு நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பொறுக்காமல் வீல் அண்ணன் சக்கரத்தைத் திருப்புவார். அவர் திருப்பாவிட்டால் அண்ணி திருப்புவார். ரோலர் ஒரு தள்ளு, சக்கரம் ஒரு தள்ளு, இரண்டும் சேர்ந்து தகடு மறுபக்கம் பாயும். உடனே சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பும். வாழ்நாள் முழுதும் ஓரத்தைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிய கைகள் அவை. சும்மா இரு என்றால் எப்படி இருக்கும்?

"பேசுங்க அண்ணி," என்று வீல் அண்ணன் கெஞ்சினார். "சுருள் முடியுறவரைக்கும் பேசுங்க. பேச்சு நின்னா யாராவது ஒருத்தர் போய் வீலைத் தொட்டுடுவோம்."

"இன்னும் என்ன அண்ணி பாக்கி இருக்கு?" என்று நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"உன் பொறந்தநாளுக்கு நான் எடுத்துக் குடுத்த புடவைய நீ யாருக்கோ தூக்கிக் குடுத்தியே, அதைச் சொல்லட்டுமா?"

"ஐயோ, அது தெரியுமா உங்களுக்கு?"

சுருள் முடியும்வரை சண்டை ஓடியது. தகடு அறுந்துபோகவில்லை. கடைசி அடித் தகடு சுருளில் ஏறியதும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். புடவை விவகாரம் மட்டும் இன்றுவரை தீரவில்லை என்று கேள்விப்படுகிறோம்.

ஆனால் மேலிடத்து ஆட்கள் முன்னிலையில் நாத்தனார் சண்டையை நம்பி லைனை ஓட்ட முடியாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று முடிவாயிற்று. அண்ணி தன் கையை நன்றாக அறிந்தவர். சாய்ந்த நாற்காலியைக் கண்டால் நிமிர்த்தும், கோணிய சட்டைக் காலரைக் கண்டால் இழுத்துவிடும், அடுத்தவர் எழுதும் வாக்கியத்தை நடுவிலேயே பிடுங்கி முடிக்கும் கை அது. சோதனை நாளன்று காலையில், ஆட்கள் வருவதற்கு முன், அவர் வீல் அண்ணனிடம் போய் நின்றார்.

"தம்பி, சக்கரத்தைக் கழட்டிடலாம்."

வீல் அண்ணன் முகம் சுண்டிப்போனது. "எதுக்கு அண்ணி? அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் சத்தியமா தொட மாட்டேன்."

"நீங்க தொட மாட்டீங்க. நான் தொட்டுடுவேன்."

வீல் அண்ணன் சக்கரத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அதன் விளிம்பில் அவர் பிடிக்கும் இடம் மட்டும் வண்ணம் போய்ப் பளபளத்தது. "கழட்டிட்டா அப்புறம் நான் எங்க நிக்கிறது, அண்ணி?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. அதுதான் அண்ணியைச் சுட்டது. ரோலர் தோற்றால் லைன் போகும், ரோலர் ஜெயித்தால் இந்த மனிதரின் சக்கரம் போகும். இதை அண்ணி முன்பே யோசித்திருந்தார். ஆனால் யோசித்ததை அந்த முகத்துக்கு முன்னால் சொல்வது எளிதாக இல்லை.

"செவுள் ரோலரை எந்த எடத்துல ஏத்தணும், தகட்டை எவ்வளவு இழுத்துப் புடிக்கணும், இதையெல்லாம் தகட்டோட போக்கு தெரிஞ்சவர்தான் சொல்லணும். எனக்குத் தெரியாது தம்பி, உங்களுக்குத்தான் தெரியும். நாலு லைனுக்கும் அந்தப் பொறுப்பு உங்களுக்குன்னு மேலாளர்கிட்டப் பேசி ஒத்துக்க வச்சிருக்கேன். ஆனா இன்னிக்கு ரெண்டாம் லைன் பொழைச்சாத்தான் அதுவும். பொய் சொல்லி உங்ககிட்ட சக்கரத்தை வாங்க எனக்கு மனசு வரல."

வீல் அண்ணன் பளபளத்த அந்த விளிம்பை ஒருமுறை உள்ளங்கையால் துடைத்தார். பிறகு, "ஸ்பானரைக் குடுங்க," என்றார்.

மேலிடத்திலிருந்து இருவர் வந்தார்கள். மேலாளர் பதற்றத்தில் இருமுறை கைகுலுக்கினார். வீல் அண்ணன் கழற்றிய சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து, "சார், இதைக் கொஞ்சம் புடிங்க," என்று மேலாளர் கையில் கொடுத்தார். கொடுத்ததும் வாங்கிக்கொண்ட மேலாளர், அதன் கனம் தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, சோதனை முடியும்வரை குழந்தையை வைத்திருப்பதுபோல் மடியிலேயே வைத்திருந்தார். இனித் தகடு ஒதுங்கினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

மெல்லிய தகடு ஓடத் தொடங்கியது. முதல் சுருள் வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது சுருளின் தலை பற்றவைக்கப்பட்டு, அந்தத் தழும்பு ரோலரை நெருங்கியது. புதிய சுருள் பிறவியிலேயே கோணல். தழும்பு ரோலரைத் தாண்டியதுமே தகடு வலப்பக்கம் சரசரவென்று ஒதுங்கியது. தூணுக்கும் ஓரத்துக்கும் இடையே உள்ளங்கை அகலம் இருந்தது, இரண்டு விரல் ஆயிற்று, ஒரு விரல் ஆயிற்று. அண்ணியின் கை தானாக முன்னே நீண்டது. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. நாத்தனார் அந்தக் கையைப் பற்றித் தன் இரு கைக்குள் வைத்து நெரித்துக்கொண்டார். பக்கத்தில் வீல் அண்ணன் கண்ணை இமைக்காமல் நின்றார். அவருடைய இரண்டு கைகளும் வெறும் காற்றில் இல்லாத சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

ரப்பர் மடிப்புகள் வலப்பக்கத்தில் வரிசையாகச் சாய்ந்தன. தகடு நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு, யாருக்கும் பயப்படாமல், யார் சொல்லும் கேட்காமல், தன் பாட்டுக்கு நடுவை நோக்கி நகர்ந்து வந்தது! இரண்டு விரல்! உள்ளங்கை! நடு! வந்ததே வெற்றி, வாழ்ந்ததே லைன்! அன்று எழுந்த ஆரவாரத்தில் சூளையின் இரைச்சல்கூடக் காதில் விழவில்லை. மேலாளர் சக்கரத்தோடு எழுந்துவிட்டார். மேலிடத்து ஆட்களில் மூத்தவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இப்ப யாரு திருப்புனது?" என்று கேட்டார்.

அண்ணி நிமிர்ந்து நின்றார். "யாரும் இல்ல சார். அதுக்குத்தான் இவ்வளவு பாடு," என்றார்.

அன்று முழுதும் ஓடியது, அந்த வாரம் முழுதும் ஓடியது. லைனைப் பிரிக்கும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. முதலாம் லைனிலும் மூன்றாம் லைனிலும் செவுள் ரோலர் ஏறிவிட்டது, நான்காம் லைனுக்கு நாத்தனார் ரப்பர் வார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கே ஏற்றுவது, எவ்வளவு இழுப்பது என்று வீல் அண்ணன் லைன் லைனாகப் போய்ச் சொல்லிவருகிறார். கையில் சக்கரம் இல்லாவிட்டாலும் அவர் பட்டத்தை யாரும் பறிக்கவில்லை.

அண்ணியே! இனித் தங்களை நேராகவே விளிக்கிறோம், கதை முடிந்துவிட்டது, திருத்துவதற்கு இனி வழியில்லை. தாங்கள் எங்களைத் திட்டியதுண்டு, திட்டிய அன்றே எங்கள் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு மருந்து விசாரித்ததும் உண்டு. தங்கள் கீழ் வேலை பார்த்த ஒருவருக்கும் விரல் போனதில்லை. எந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனவனைத் தாங்கள் துரத்திய துரத்தலை இன்றும் எண்ணி நடுங்குகிறோம். அந்த நடுக்கத்தால்தான் எங்கள் கை முழுதாக இருக்கிறது. இதைச் சொல்ல இத்தனை நாள் எங்களுக்கு வாய் வரவில்லை. இன்று வந்தது.

நீடு வாழ்க! நோய் நெருங்காத உடலோடும், நொடி ஓயாத அந்தக் கைகளோடும் நெடுங்காலம் வாழ்க! காலையில் சைரன் கேட்டு எழாமல் வெயில் முகத்தில் விழுந்த பின் எழுக! வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் நேராக்கி முடித்த பிறகு, மனமிருந்தால் பக்கத்து வீட்டாரையும் நேராக்குக! முன்வரிசைப் பெருமகனாருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்!

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்த ஆலையில் எத்தனையோ பேரை வழியனுப்பியிருக்கிறோம். எந்த விழாவிலும் இரண்டாம் லைன் ஆட்கள் முழுதாக வந்து உட்கார்ந்ததில்லை. யாராவது ஒருவர் சக்கரத்தின் முன் நின்றாக வேண்டும். விழா முடிந்த பிறகு அவருக்கு ஒரு தட்டில் பலகாரம் போகும், அதையும் அவர் ஒரு கையால்தான் தின்பார். எல்லோரும் போகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் தானாகவே பின்தங்கிக்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் இந்த மண்டபத்தின் உட்புறத்தையே இன்றுதான் பார்க்கிறார்.

இந்தச் சுவருக்கு அப்பால் இப்போதும் மெல்லிய தகடு ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி வழியே மூன்றாம் லைன் தோழர்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். சூளை வாயில் ஒருவரும் இல்லை. அண்ணி, தலையைத் திருப்பிப் பாருங்கள், இரண்டாம் லைனின் நாற்காலி ஒன்றுகூடக் காலியாக இல்லை. ஒரே ஓர் இடம் காலியாகத் தெரியலாம். அதில் உட்கார வேண்டியவர்தான், பிடிக்கச் சக்கரம் இல்லாத கைகளோடு, மேடையில் நின்று இம்மடலைத் தங்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் குரல் தடுமாறினால் பொறுத்தருள்க.

என்றென்றும் தங்கள் அன்பு மறவாத,
இரண்டாம் லைன் ஊழியர்கள்,
ஒருவர் விடாமல்.